சமையலறையிலிருந்து வரும் பதில்

சிரிப்பு வருகிற மாதிரி ஒன்று வைத்திருக்கிறேன், ஆனால் இப்போதே தரமாட்டேன். இப்போது வாயைத் திறந்தால் வேறு ஆள் குரலில் வந்துவிடும். இன்னும் கொஞ்ச நேரத்துக்கு என் வாய் என்னுடையது இல்லை, அம்மாவுக்கு விட்டிருக்கிறேன். பொறுத்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கலாம். முதலில் குக்கர். "மூணு விசிலு. நாலாவது வந்துச்சுன்னா பருப்பு கூழாயிரும். காதை இங்க வை" என்று சொல்லிவிட்டு அம்மா துணி வாளியோடு சமையலறைப் பின்கதவைத் திறந்து, சுற்றிச் சுற்றிப் போகும் இரும்புப் படியில் ஏறி மொட்டைமாடிக்குப் போயாயிற்று. அப்பா குளித்துக்கொண்டிருக்கும்போதே போய்விடுவாள், தினமும் அப்படித்தான். அப்பா துவட்டிக்கொண்டு வெளியே வரும்போது சமையலறையில் விளக்கு எரியும், திரைச்சீலை தொங்கும், உள்ளே ஏதாவது கொதிக்கிற சத்தம் கேட்கும், அதனால் அம்மா உள்ளே இருக்கிறாள் என்று அவருக்கு அர்த்தம். என் அறைக் கதவு சாத்தியிருக்கும், உள்ளே ஃபேன் ஓடும், அதனால் பிலோமினா ப்ளஸ் டூவுக்குப் படிக்கிறாள் என்று அர்த்தம். ஃபேன் படிக்கிறது. நான் திரைக்கு இந்தப்பக்கம் கையில் கரண்டியோடு நிற்கிறேன். ஹாலில் அப்பா ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார், முதல் குச்சி அணைகிறது, ரெண்டாவதும் அணைகிறது, மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தால் அணையத்தான் செய்யும், அதை நிறுத்திவிட்டுக் கிழிக்கலாம் என்று இந்த மனிதருக்கு இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது தோன்றியிருக்கிறதா, தோன்றாது, நாளைக் காலை நான்தான் அந்தக் குச்சிகளைப் பொறுக்க வேண்டும். முழங்கால் ரெண்டும் சொடக்குப் போட மண்டியிடுகிறார். செருமல். கோர்ட்டில் கட்சிக்காரர்கள் பேரைக் கூப்பிடுகிற வேலை அவருக்கு, சவரிமுத்து என்றால் திருச்சி கோர்ட் வராந்தாவில் தூங்குகிற நாய்க்கும் தெரியும், ஒரு பேரை மூணு தடவை கூப்பிடுவார், வேப்பமரத்தில் இருக்கிற காக்கா பறந்துவிடும். வீட்டிலும் அதேதான். சோப்பு, சோப்பு, சோப்பு. துண்டு, துண்டு, துண்டு. அந்தக் குரலை வாங்கிக்கொண்டுதான் நான் பிறந்திருக்கிறேன், அதனால்தான் எனக்கு எந்தக் குரலும் வரும், பங்குச் சாமியார், கெமிஸ்ட்ரி மிஸ், காஸ் சிலிண்டர்க்காரர், கீழ்வீட்டுச் சொர்ணம் அக்கா, அவங்க வீட்டு மிக்ஸி. கல்யாணவீட்டில் எல்லாரும் "பிலோ, சாமியார் மாதிரி பேசிக் காட்டு" என்பார்கள், பேசிக் காட்டினால் சிரிப்பார்கள், சிரித்து முடித்துவிட்டு "பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் நல்லாவா இருக்கு" என்பார்கள். அந்த ரெண்டாவது குரலும் எனக்கு வரும்.

முதல் விசில். ஒன்று. அப்பா ஆரம்பித்துவிட்டார், சிலுவை அடையாளம், விசுவாச மந்திரம், நானும் உதட்டுக்குள் அம்மாவைச் சரிசெய்துகொள்கிறேன், மூக்கைக் கொஞ்சம் இறுக்கி, மூச்சைப் பாதியில் விட்டு. ஜெபமாலை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், ஒருத்தர் முன்பாதியைச் சொல்ல வேண்டும், மற்றவர் பின்பாதியைச் சொல்ல வேண்டும், கையில் உருட்டுகிற மாலையின் ஒவ்வொரு மணிக்கும் ஒரு தடவை, பத்துப் பத்தாக ஐந்து பத்து, ஒவ்வொரு பத்துக்கும் மாதா கதையிலிருந்து ஒரு சம்பவத்தை நினைப்பார்கள், அதுதான் மறையுண்மை. எங்கள் வீட்டில் முன்பாதி அப்பா, பின்பாதி அம்மா, கல்யாணமான நாளிலிருந்து. இது முக்கியம், ஏனென்றால் ஈஸ்டரிலிருந்து இந்த வீட்டில் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்வதில்லை. சண்டை இல்லை, சத்தம் இல்லை, பேச்சு இல்லை, அவ்வளவுதான். பேச்செல்லாம் என் வழியாகத்தான். "உங்கப்பாகிட்ட சொல்லு, அரிசி தீர்ந்துருச்சுன்னு." அப்பா ரெண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார், காது நன்றாகக் கேட்கும், ஆனாலும் நான் திரும்பி "அப்பா, அரிசி தீர்ந்துருச்சாம்" என்று சொல்ல வேண்டும். "எந்த அரிசின்னு கேளு." "எந்த அரிசின்னு கேக்குறாங்கம்மா." "வீட்டுல எத்தனை அரிசி இருக்குன்னு கேளு." சாப்பிடுகிற வாயோடு நான் இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பி, ஒரு நாள் கழுத்து பிடித்துக்கொண்டுவிட்டது, தைலம் தேய்க்கும்போதுகூட அம்மா "உங்கப்பாகிட்ட அந்தத் தைலத்தை எங்க வச்சாருன்னு கேளு" என்றாள். எதனால் வந்தது இது, யாராவது கேட்டால் சொல்லவே கூச்சமாக இருக்கும், குக்கரால் வந்தது. இதே குக்கர். ஈஸ்டருக்குத் திண்டுக்கல்லிலிருந்து மரியதாஸ் மாமா வந்திருந்தார், அம்மாவின் ஒரே அண்ணன், அவருக்காக ஆட்டுக்கறியை அடுப்பில் வேகப்போட்டுவிட்டு அம்மா கோயிலுக்குப் போனவள் நன்றி சொல்லிவிட்டு வருகிறேன் என்று நின்றுவிட்டாள், அப்பா சமையலறைக்குள் வந்து, என்னமோ பொறுப்பானவர் மாதிரி, சொர்ணம் அக்கா வீட்டுக் குக்கர் போட்ட விசிலையும் எங்கள் கணக்கில் சேர்த்து எண்ணி அடுப்பை அணைத்துவிட்டார். இலையில் கறி ரப்பர். மாமா மென்றார், மென்றுகொண்டே இருந்தார், "ம்ம், பரவாயில்ல ஆக்னஸு, பல்லுக்கு வேலை குடுத்துருக்க" என்று சிரித்தார். அம்மா அப்பாவைப் பார்த்து "அடுப்படிக்குள்ள உங்கள யாரு வரச்சொன்னா, எங்கண்ணன் வருஷத்துக்கு ஒரு தடவை வருது" என்றாள். அதோடு விட்டிருக்கலாம். அப்பா விடவில்லை. "வருஷத்துக்கு ஒரு தடவையா, சாப்பிடுறதுக்குன்னே மாசாமாசம் வர்ற ஆளுதானே" என்றார், அதுவும் கோர்ட் வராந்தாக் குரலில். மாமா கையைக் கழுவினார். பாதி இலையில் எழுந்து கையைக் கழுவினார். எனக்கு இதில் ஆத்திரம் வருவது எதற்கென்றால் மாமா உண்மையிலேயே சாப்பிடத்தான் வருவார், மூணாவது தடவை குழம்பு வாங்கிக்கொண்டு "பரவாயில்ல" என்பார், ஆனால் அது எல்லாருக்கும் தெரிந்தும் யாரும் சொல்லாத விஷயமாக நன்றாகத்தானே இருந்தது. அன்றைக்கு அம்மா சொன்னதுதான் அப்பாவிடம் நேராகச் சொன்ன கடைசி வார்த்தை. "இனிமே அடுப்படிக்குள்ள கால் வைக்காதீங்க." அவரும் வைக்கவில்லை. ரோஷம். தண்ணீர் வேண்டுமென்றால்கூடத் திரைக்கு வெளியே நின்று தண்ணீ, தண்ணீ, தண்ணீ.

"மகிழ்ச்சி மறையுண்மைகள்" என்கிறார் அப்பா. சனிக்கிழமை என்றால் மகிழ்ச்சி. யார் வைத்த பேரோ, இந்த வீட்டுக்கு வந்து பார்த்தால் மாற்றிவிடுவார்கள். முதல் மறையுண்மை, வானதூதர் மாதாவுக்கு மங்கள வார்த்தை சொன்னது. முன்பாதி முடிகிறது, நான் கரண்டியால் சட்டி விளிம்பை ஒரு தட்டு தட்டிவிட்டு, "அர்ச்சியசிஷ்ட மரியே" என்று இழுக்கிறேன். அந்தத் தட்டு முக்கியம். அம்மா சும்மா ஜெபம் சொல்லமாட்டாள், கிண்டிக்கொண்டேதான் சொல்வாள், "பாவிகளாயிருக்கிற" என்கிற இடத்தில் உப்புப் பார்ப்பாள், அதனால் அந்தச் சொல்லில் ஒரு சப்புக்கொட்டல் வரும், "வேண்டிக்கொள்ளும்" என்பதைப் பாதி விழுங்கிவிடுவாள், ஆமென் வெளியே வரவே வராது. நான் அந்தச் சப்புக்கொட்டலோடு சொல்கிறேன். ஒரு நாள் நடுவில் "சூ, போ சனியனே" என்று ஜன்னல் பூனையை அம்மா மாதிரியே திட்டினேன், பூனையே நம்பி ஓடிப்போனது, ஹாலில் அப்பாவின் முதுகு குலுங்கியது, சிரித்திருக்கிறார். இதுதான் நான் சொல்கிற சிரிப்பு என்று நினைத்துவிட வேண்டாம், அது இன்னும் வரவில்லை. இது எப்படி ஆரம்பித்தது என்றால், பேச்சு நின்ற பிறகும் அம்மா ஜெபத்துக்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள், சமையலறையில் நின்றபடி, முகம் பார்க்காமல். பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஒரு சாயங்காலம் அதையும் நிறுத்திவிட்டாள். "அண்ணன்கிட்ட போன் பேசணும்" என்று மாடிக்குப் போய்விட்டாள். அப்பா குளித்துவிட்டு வந்து, ஒன்றும் தெரியாமல், முன்பாதியைச் சொல்லி நிறுத்தினார். பதில் இல்லை. மறுபடியும் முதலிலிருந்து சொன்னார், கொஞ்சம் மெதுவாக. பதில் இல்லை. நான் தண்ணீர் குடிக்க வந்தவள், திரை இடுக்கில் அவர் முதுகைப் பார்த்தேன், கழுத்து கொஞ்சம் இந்தப்பக்கம் சாய்ந்து காதை நீட்டிக்கொண்டிருந்தது, எனக்குக் குறும்பு தாங்கவில்லை, அம்மா குரலில் பதில் சொன்னேன். அப்பாவின் தோள் இறங்கியது. அடுத்த மணியை எவ்வளவு நைசாகச் சொன்னார் தெரியுமா, அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதே இல்லை, அதை மட்டும் இன்னும் எனக்குப் பேசிக்காட்ட வரவில்லை. துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். மறுநாளும் சொன்னேன். அதற்கடுத்த நாள் எனக்கு டெஸ்ட், ஆனாலும் வந்து நின்றேன். பிறகு ஒரு நாள் அப்பா கோர்ட்டுக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, எனக்குச் சொல்வது மாதிரி வாசலுக்குச் சொன்னார். "பேசலன்னா என்ன. ஜெபத்துக்குப் பதில் சொல்றால்ல. கோவம் தானா எறங்கும்." அன்றைக்கே என் விளையாட்டு விளையாட்டாக இல்லாமல் போய்விட்டது, யாரோ என் கையில் ஒரு நிறைகுடத்தைக் கொடுத்துவிட்டுப் போன மாதிரி, கீழே வைக்கவும் இடமில்லை.

ரெண்டாவது விசில், கீழ்வீட்டுடையதா எங்களுடையதா, எங்களுடையதுதான், ஆவி முகத்தில் அடிக்கிறது. ரெண்டாவது மறையுண்மை, மாதா எலிசபெத்தம்மாளைப் பார்க்கப் பிரயாணம் போனது. இங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒவ்வொரு பத்துக்கும் முன்னால் ஒரு கருத்து சொல்லி ஒப்புக்கொடுப்பது வழக்கம், நோயாளிகளுக்காக, வேலையில்லாதவர்களுக்காக, உலக சமாதானத்துக்காக. என் குரல் பதில் சொல்ல ஆரம்பித்த பிறகு அப்பாவின் கருத்துகள் மாறிவிட்டன. முதலில் "மூட்டுவலியால கஷ்டப்படுறவங்களுக்காக" என்றார். அம்மாவுக்குத்தான் மூட்டுவலி. பிறகு "அடுப்பு முன்னாடி வெந்துக்கிட்டு நிக்கிறவங்களுக்காக". பிறகு ஒரு நாள் ரொம்ப நேரம் செருமிவிட்டு "விசில் எண்ணத் தெரியாம எண்ணுனவங்களுக்காக" என்றார், நான் கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன், அதை அவர் என்னவாக எடுத்துக்கொண்டாரோ, அன்றைக்கு இரவு தட்டை அவரே வாஷ்பேசினில் கழுவித் திரைக்கு வெளியே வைத்தார். பொண்டாட்டியிடம் நேராகச் சொன்னால் ரோஷம் போய்விடும், மாதாவிடம் சொல்கிற மாதிரி பொண்டாட்டிக்குச் சொல்லலாம். எவ்வளவு புத்தி. அவ்வளவு புத்தியும் யாருக்கு வந்து சேருகிறது, எனக்கு. நான் யார், எனக்கெதற்கு இவர் மன்னிப்பு, என் முட்டி நன்றாகத்தான் இருக்கிறது, நான் போய் அம்மாவிடம் "அப்பா விசிலுக்கு மன்னிப்புக் கேட்டாங்க" என்று சொன்னால் "உன்கிட்ட எதுக்குடி கேட்டாரு" என்பாள், பிறகு எல்லாம் வெளியே வந்துவிடும், என் குரல், என் சப்புக்கொட்டல், எல்லாம். ஒரு குரலை எடுத்தால் பிடிபடாமல் முடிக்க வேண்டும், அதில் எனக்கு ஒரு மரியாதை இருக்கிறது. இன்றைக்கு சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்ததும் படுக்கையறையில் பையைப் பார்த்துவிட்டார். பெரிய பை, அம்மாவின் புடவைகள், பக்கத்தில் தையல் மெஷினின் தலையைக் கழற்றிப் பழைய வேட்டியில் சுற்றிவைத்திருந்தது. பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "துவைக்கப் போடவா இதெல்லாம்" என்றார். தையல் மெஷினையா துவைப்பார்கள். "அம்மாகிட்ட கேளுங்க" என்றேன். கேட்கவில்லை. பனியனைக் கழற்றிக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். இப்போது ஹாலிலிருந்து வருகிறது. "இந்தப் பத்து மணியும், பிரயாணம் போகப்போறவங்களுக்காக." நிறுத்தம். "போகலாமா வேணாமான்னு யோசிக்கிறவங்களுக்காகவும்." கரண்டியை நெற்றியில் அழுத்திக்கொள்கிறேன், சூடு, பரவாயில்லை. அர்ச்சியசிஷ்ட மரியே.

யோசிக்கவெல்லாம் இல்லை அப்பா, முடிவு பண்ணிவிட்டாள். மத்தியானம் நான் முறுக்கு தின்றுகொண்டிருந்தபோது புடவைகளை மடித்துக்கொண்டே சொன்னாள். "நாளைக்குப் பூசை முடிஞ்சதும் திண்டுக்கல் போறேன்." எப்ப வருவ என்றேன். "பாக்கலாம்." பாக்கலாம்னா? "உங்க மாமா கடையில தைக்கிறதுக்கு ஆளு பத்தலையாம். நம்ம மெஷினையும் கொண்டுவரச் சொல்லிருக்கு." மெஷினைக் கொண்டுபோகிறவர்கள் ரெண்டு நாளில் திரும்புவதில்லை, அது எனக்கே தெரியும். அப்பாகிட்ட சொல்லணுமா என்றேன், பழக்கதோஷம். அம்மா புடவையைப் பைக்குள் அமுக்கினாள். "ஒண்ணும் சொல்ல வேணாம். ஜெபத்துக்குப் பதில் சொல்றத நிறுத்துனேன். எதுக்கு நிறுத்துனன்னு ஒரு வார்த்தை கேட்டாரா உங்கப்பா? ஒரு நாளு முகம் வாடுச்சா? மாடியில இருந்து எட்டி நானும் பாக்குறேன், ஹால் ஜன்னல்ல மெழுகுவர்த்தி வெளிச்சம் தெரியுது, மனுசன் பாட்டுக்கு நடத்திட்டிருக்காரு. ரெண்டு பக்கத்தையும் அவரே சொல்லிக்கிறாரு போல. நான் இருக்கேனா இல்லையான்னே தெரியல. அப்புறம் எனக்கு இங்க என்ன வேலை." முறுக்கு என் வாயில் அப்படியே நின்றது. அந்த அறையிலேயே நான் அம்மா குரலில் ஒரு ஜெபம் சொல்லிக்காட்டியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று பயந்தேன், அடிப்பாள் என்றா, இல்லை, அடித்தால் போகட்டும், "அப்ப உங்கப்பாவுக்கு என் குரலுக்கும் உன் குரலுக்கும் வித்தியாசம் தெரியலையா" என்று கேட்பாள், அந்தக் கேள்வியிலும் அவள் பையைத்தான் தூக்குவாள். மாடியில் அண்ணனிடம் பேசுகிறாள் என்பதும் பொய்தான். ஒரு தடவை பின்னாலேயே போய்ப் பார்த்தேன். தண்ணீர்த்தொட்டி மேடையில் துணியை மடியில் குவித்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள், போன் பக்கத்தில் குப்புறக் கிடந்தது. மூணாவது மறையுண்மை ஓடிக்கொண்டிருக்கிறது, மாட்டுக்கொட்டிலில் பிறந்தது, கீழே சொர்ணம் அக்கா மிக்ஸியைப் போட்டுவிட்டாள், சரியாக ஜெப நேரத்தில்தான் அவளுக்குத் தேங்காய் அரைக்க வேண்டும், நான் குரலை உயர்த்துகிறேன், அம்மாவின் கத்துகிற குரலுக்குள் போகிறேன், அது தொண்டையைக் கிழிக்கிறது, அவள் தினமும் இப்படிக் கிழித்துக்கொண்டுதான் எங்களைச் சாப்பிடக் கூப்பிடுகிறாளா. மூணாவது விசில். அடுப்பை அணைத்துவிட்டேன். கீழே மிக்ஸியும் நின்றுபோனது, பருப்பின் சத்தமும் அடங்கி வீடு பெரிதாகிவிட்ட மாதிரி இருக்கிறது, என் மூச்சு திரையில் படுவது எனக்கே கேட்கிறது. இப்போது நிறுத்திவிடலாம். அடுத்த மணிக்குப் பதில் சொல்லாமல் நின்றுவிடலாம், அப்போது அவர் ஏன் என்று கேட்பார், எழுந்து வருவார். வருவாரா. வரமாட்டார், கால் வைக்காதே என்று சொல்லியிருக்கிறாளே, திரைக்கு வெளியே நின்று காதை நீட்டுவார், பிறகு மெழுகுவர்த்தியை ஊதிவிட்டுப் படுத்துவிடுவார், காலையில் அம்மா பையைத் தூக்கும்போது நேற்றே பதிலை நிறுத்திவிட்டாள் என்று நினைத்து வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். சொன்னாலும் போகிறாள், சொல்லாவிட்டாலும் போகிறாள். அடுத்த மணி, அதற்கு அடுத்த மணி என்று தள்ளிக்கொண்டே நான் சப்புக்கொட்டிக்கொண்டிருக்கிறேன். நாலாவது மறையுண்மை முடிந்தே போய்விட்டது, நான் என்ன சொன்னேன் என்றே தெரியவில்லை, அம்மா சொல்லியிருக்கிறாள் போல.

ஐந்தாவது. காணாமற்போன பிள்ளையை அப்பாவும் அம்மாவும் தேடிக் கோயிலில் கண்டுபிடித்தது. அந்த அப்பா அம்மாவாவது சேர்ந்து தேடினார்கள், ஒருத்தருக்கொருத்தர் "உங்க பிள்ளைகிட்ட சொல்லு" என்று சொல்லிக்கொள்ள நடுவில் பிள்ளை இல்லை. வெளியே காற்று மாறுகிறது, பின்கதவு படபடவென்று அடிக்கிறது, மண்வாசனை. ஹாலில் அப்பா கருத்துச் சொல்லாமல் மண்டியிட்டிருக்கிறார். செருமவும் இல்லை. இடுக்கில் பார்க்கிறேன், ஜெபமாலையை உள்ளங்கையில் உருட்டுகிறார், மணி மணியாக இல்லை, மொத்தமாக, சோற்றை உருட்டுகிற மாதிரி. "இந்தப் பத்து மணியும்" என்கிறார். நிற்கிறார். "வீட்டுக்குச் சாப்பிட வந்தவரப் பத்தி, வாயில வரக்கூடாத வார்த்தையச் சொன்னவங்களுக்காக. சொன்னது தப்புதான். அன்னைக்கே தெரியும் தப்புன்னு." கோர்ட் குரல் இல்லை. அந்த நைசான குரல், எனக்குப் பேசிக்காட்ட வராதது, இப்போது இன்னும் மெலிந்து. "போன் பண்ணிக்கூடச் சொல்லிருவேன் அவர்ட்ட. போக மட்டும் வேணாம்." பிறகு வேகவேகமாக, ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிற மாதிரி, முன்பாதியைச் சொல்லி முடித்துவிட்டார். பதில் சொல்லவேண்டிய இடம். என் வாய் திறக்கவில்லை. இது எனக்கு வந்ததில்லை. இதை நான் வாங்கிக்கொண்டு உப்புப் பார்த்துச் சப்புக்கொட்டினால் அவர் நிம்மதியாகத் தூங்கிவிடுவார், சொல்லியாயிற்று, அவளும் பதில் சொல்லிவிட்டாள் என்று, இவள் காலையில் பஸ் ஏறிவிடுவாள், என்ன மடத்தனம் இது, ரெண்டு பெரியவர்கள், ஒரு சமையலறை, நடுவில் ஒரு துணித்திரை, இதற்குள் ஒரு வார்த்தையைக் கொண்டுசேர்க்கத் தெரியாமல். அப்பா முன்பாதியை மறுபடியும் ஆரம்பிக்கிறார், மெதுவாக. மழை பெரிய பெரிய சொட்டாக இரும்புப் படியில் விழுகிறது, டங் டங் என்று. ஐயோ துணி. அம்மா இப்போது இறங்கிவருவாள், இறங்கினால் இந்தப் பின்கதவு வழியாகத்தான், வந்தால் என்னைத் தள்ளிவிட்டுப் போய் நிற்பாள், ஒன்றும் தெரியாமலே இதுவும் முடிந்துபோகும். படியில் காலடி இல்லை. நனைந்த இரும்புப் படியில் கைநிறையத் துணியோடு இறங்கமாட்டாள், அவள் முட்டிக்கு முடியாது, பொதுப்படி வழியாகத்தான் வருவாள். பொதுப்படி என்றால் முன்வாசல்.

வந்துவிட்டாள். கதவை இடுப்பால் தள்ளி, துணிக்குவியலைக் கட்டிக்கொண்டு, நெற்றியில் நனைந்த முடியோடு, ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே. ஜெபம் நடக்கும்போது குறுக்கே போகக்கூடாது என்று அங்கேயே நின்றுவிட்டாள். அப்பா முன்பாதியின் கடைசிச் சொல்லைச் சொல்லிவிட்டு அவளைப் பார்க்கிறார். ஜெபமாலை கையில் தொங்குகிறது. அடுப்படியில் இருக்கவேண்டியவள் வாசலில் இருக்கிறாளே என்று அவர் புருவம் மெல்ல ஏறுகிறது, இன்னும் பிடிபடவில்லை, எப்போதோ பின்வழியாகப் போயிருப்பாள் என்று முகம் தனக்குத்தானே சமாதானம் தேடுகிறது, இன்னும் ஒரு நொடி விட்டால் அந்தச் சமாதானம் கிடைத்தும்விடும். அவள் தரையைப் பார்க்கிறாள். இப்போது நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் பிடிபடமாட்டேன். இத்தனை நாளும் பிடிபடவில்லை, இன்றோடு சுத்தமாக முடிந்துவிடும், என் மரியாதை என்னிடம், அம்மாவின் மெஷின் திண்டுக்கல்லில். மூக்கை இறுக்குகிறேன். மூச்சைப் பாதியில் விடுகிறேன். கரண்டியால் சட்டியை ஓங்கி ஒரு தட்டு தட்டிவிட்டு, "அர்ச்சியசிஷ்ட மரியே" என்று ஆரம்பித்து, மழைச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி, சப்புக்கொட்டலோடு, விழுங்கலோடு, ஒரு சொல் விடாமல், அம்மாவாகவே சொல்கிறேன்.

அம்மா தலையைத் தூக்குகிறாள். தன் குரல் சமையலறையிலிருந்து வருவதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள், ஒரு ஈரத் துணி அவள் கையிலிருந்து நழுவித் தரையில் விழுகிறது. அப்பா அவள் வாயைப் பார்க்கிறார். அது மூடியிருக்கிறது. திரையைப் பார்க்கிறார். மறுபடியும் அவள் வாயைப் பார்க்கிறார். நான் நிறுத்தவில்லை, வேண்டிக்கொள்ளும் வரைக்கும் போய் விழுங்கிவிட்டுத்தான் நிறுத்துகிறேன். மெழுகுவர்த்தி ஃபேன் காற்றில் அணைகிறது, யாரும் விளக்கைப் போடவில்லை.

"ஆக்னஸு" என்கிறார் அப்பா, நேராக, அவளைப் பார்த்து. "அது நீ இல்லையா?"

"நான் மாடியிலல்ல இருந்தேன்."

"தினமுமா?"

"தினமும்தான்."

அப்பா தரையில் கையை ஊன்றி எழுகிறார், முழங்கால் ரெண்டும் சொடக்குப் போடுகின்றன.

"அப்ப நான் இத்தனை நாளாச் சொன்னதெல்லாம்?"

"என்ன சொன்னீங்க?" என்கிறாள் அம்மா.